நாள் தவறும் நோயாளர்

மருத்துவத்தின் உறுப்புகள் நான்கு என வகுத்தார் வள்ளுவர். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் ஆகிய நான்கும் கூடிய வழியே மருத்துவம் நிறைவுறும் என்பது 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறள் உணர்த்தும் கருத்தாகும். குறித்த நாளில் நோயாளர் வைத்தியசாலைக்கு வாராதொழியும் சிக்கலை ஆராய்வார்க்கு இப்பகுப்பு நல்லதோர் அளவுகோலாம்.

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் காசநோயும் ஒரு நாள் மருந்தினால் தீர்வன அல்ல. அதனாலேயே கிளினிக் கொப்பியில் அடுத்து வரவேண்டிய நாள் குறிக்கப்படுகின்றது. அந்நாள் தவறின் மருந்து இடையறும். மருந்து இடையறின் நோய் ஓசையின்றி வளரும். காசநோயிலோ, கிருமிகள் மருந்தை எதிர்க்கும் வலிமை பெறுதலுங் கூடும். அப்பொழுது இடர் அயலாரையும் பற்றும்.

நாள் தவறியவரை அசட்டையுடையவர் எனப் பழித்தல் எளிது. ஆயின், அப்புத்தளைத் தோட்டங்களின் வாழ்க்கையை நோக்குவார் அவ்வாறு கூறத் தயங்குவர். 1890 இல் தோமஸ் லிப்டன் தொழிற்சாலை நிறுவிய தம்பேதன்ன, அப்புத்தளை நகரிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. சிறப்பு மருத்துவம் வேண்டுவோர் பதுளை வரை செல்ல நேரிடும். நாட்கூலியை நம்பிக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கிளினிக் நாள் என்பது அன்றைய பெயர் விழாத நாளாகும். பேருந்துக் கட்டணமும் வீட்டுப் பிள்ளைகளின் பராமரிப்பும் அதனோடு சேரும். மருந்து இலவசமாயினும் அதனைப் பெறும் நாள் இலவசமன்று.

இதற்குத் தீர்வு உண்டென்பதைச் சென்னையில் நிகழ்ந்த ஆராய்ச்சி காட்டிற்று. 1956 இல் அங்கு நிறுவப்பெற்ற காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், வறிய நோயாளருள் ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மறுசாராரை அவர்தம் இல்லங்களிலும் வைத்து ஓராண்டு சிகிச்சை அளித்தது. 1959 இல் வெளியான முடிவுகளின்படி, நல்லுணவும் ஓய்வும் பெற்ற முதற்சாராருக்கும் குடிசைகளில் வாழ்ந்த மறுசாராருக்கும் குணமடைதலிற் பெரும் வேற்றுமை காணப்படவில்லை. எனினும், இல்லச் சிகிச்சை தானே நடந்துவிடவில்லை. சுகாதாரப் பணியாளர் வீடுகளுக்குச் சென்றனர். முன்னறிவிப்பின்றியும் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர். பின்னர், வாரம் இருமுறை பணியாளர் முன்னிலையில் மருந்தளிக்கும் முறையும் அங்கேயே சோதிக்கப்பட்டது. உலகெங்கும் பின்னர் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு இவ்வாராய்ச்சிகள் அடிகோலின.

இலங்கையிலும் இதனையொத்த வழக்கம் புதிதன்று. கருவுற்ற தாய்மாரை மருத்துவமாது வீடு தேடிச் சென்று காண்பதும், கிளினிக்கிற்கு வாராதவரின் காரணத்தை அறிவதும் நெடுநாளைய பழக்கமாகும். 2020 இல் பெருந்தொற்றினால் ஊரடங்கு நிலவியபோது, அரசாங்க வைத்தியசாலைகளின் கிளினிக் நோயாளருக்கு மருந்துகள் அஞ்சல் வழியே வீட்டிற்கு அனுப்பப்பட்டன. நோயாளர் வர இயலாதவிடத்து மருந்து செல்லக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

கைப்பேசிக் குறுஞ்செய்தியால் நாளை நினைவூட்டுதல் மற்றொரு வழி. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2013 ஆம் ஆண்டின் மதிப்பாய்வொன்று, அது வருகையைக் கூட்டுகின்றதெனக் கண்டது. ஆயின், நினைவூட்டல் மறதிக்கே மருந்தாம். இழந்த கூலிக்கு மருந்தாகாது. செய்தி நோயாளருக்குத் தெரியாத மொழியில் அமையுமாயின் மறதிக்கும் மருந்தாகாது.

ஆகவே, செயற்பாலன மூன்று. குறிப்பு தமிழிலும் அமைதல் வேண்டும். கிளினிக் நாள் தோட்ட வேலைக்கு இசைய வகுக்கப்படல் வேண்டும். நாள் தவறியவரைப் பழியாது தேடிச்செல்லும் ஒருவர் இருத்தல் வேண்டும். வள்ளுவர் கூறிய நான்காம் உறுப்பு அவரே. அவ்வுறுப்புக் குறைந்தவிடத்து ஏனைய மூன்றும் இருந்தும் பயனில்லை.