மோட்டாரைக் குறை சொல்லும் முன்...

எங்கள் பள்ளியில் கிணற்று நீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவது ஒரு எச்.பி. மோனோபிளாக் மோட்டார். சென்ற கல்வியாண்டில் ஏறக்குறைய ஒரு மாதம் அதனோடு போராடினோம். சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. குடம் குடமாக ஊற்றி நிரப்பினால் அன்றைக்கு வரும். மறுநாள் காலையில் பழைய கதைதான். தொட்டி காலியானால் கழிப்பறையில் தண்ணீர் இருக்காது. மதியம் வரை பாட்டிலைத் திறக்காத மாணவி ஒருத்தியிடம் காரணம் கேட்டேன். "குடிச்சா பாத்ரூம் போகணுமே டீச்சர்" என்றாள்.

மோட்டாரை இரண்டு முறை பழுது பார்க்கக் கொடுத்தோம். கடைசியில் குறை இருந்தது கிணற்றுக்குள், உறிஞ்சு குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வில். அதன் ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தது.

மோட்டார் சுழலும்போது இம்பெல்லர் தன் உறையில் உள்ள நீரை வெளியே தள்ளுகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. கிணற்று நீரின் மேல் அழுத்தும் காற்று, நீரைக் குழாய் வழியே மேலேற்றுகிறது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் தாங்கும் நீரின் உயரம் சுமார் 10.3 மீட்டர். நடைமுறையில் 6, 7 மீட்டர் ஆழத்திலிருந்து எடுப்பதே நல்லது. உறையில் நீருக்குப் பதில் காற்று இருந்தால் இம்பெல்லரால் போதிய அளவு அழுத்தத்தைக் குறைக்க முடியாது. எனவே மோட்டார் நின்ற பிறகும் குழாய் நிரம்பியே இருக்க வேண்டும். ஃபுட் வால்வு, மேல்நோக்கி மட்டும் திறக்கும் கதவு. அது ஒழுகினால் இரவோடு இரவாக நீர் கிணற்றுக்குள் இறங்கிவிடும்.

குறையைக் கண்டறிய ஒரு எளிய சோதனை உண்டு. மெயின் சுவிட்சை அணைத்து, டெலிவரி வால்வை மூடி, நீர் ஊற்றும் துளை வழியே விளிம்பு வரை நிரப்புங்கள். கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

நீர் இறங்கியிருந்தால், முதலில் உறிஞ்சு குழாயின் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஈரம் இல்லையென்றால் ஃபுட் வால்வுதான் ஒழுகுகிறது.

நீர் அப்படியே நின்றும் மோட்டார் இறைக்கவில்லையென்றால், வால்வின் சல்லடையை இலையோ பாசியோ அடைத்திருக்கலாம்.

நன்றாக வந்த நீர் இடையில் விட்டுவிட்டு வந்தால், கிணற்று நீர்மட்டம் இறங்கி வால்வு காற்றை இழுக்கிறது. வால்வு கோடையிலும் நீருக்குள் இரண்டடி மூழ்கியும், சேறு ஏறாதபடி அடித்தரைக்கு ஓரடி மேலேயும் இருக்கட்டும்.

வால்வை மேலே எடுத்ததும் சல்லடையைப் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். வாஷரும் அது உட்காரும் இடமும் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு சிறு கல் சிக்கினாலே ஒழுகும். பிறகு வால்வை நிமிர்த்திப் பிடித்து மேலிருந்து நீர் ஊற்றுங்கள். கீழே சொட்டினால் வாஷரை மாற்றுங்கள். உட்காரும் இடத்திலேயே கீறல் இருந்தால் வால்வையே மாற்றுவது நல்லது. மறுபடி பொருத்தும்போது மரையில் டெஃப்லான் டேப் சுற்றுங்கள். தண்ணீர் வராத மோட்டாரை ஓடவிடாதீர்கள். சீல் சூடேறிக் கெட்டுவிடும்.

கிணற்றில் இறங்குவதும் குழாயைத் தூக்குவதும் பழகிய பிளம்பரின் வேலை. மாணவர்களை அந்தப் பக்கம் அனுப்பவே கூடாது. என்ன குறை என்று அவரிடம் சரியாகச் சொல்லத் தெரிந்தாலே போதும்.

மாணவர்கள் இதை வகுப்பறையிலேயே கற்கலாம். எட்டாம் வகுப்பில் காற்றழுத்தம் நடத்தும்போது ஆளுக்கொரு ஸ்ட்ரா கொடுத்தேன். அடிமுனையை விரலால் மூடி நீர் நிரப்பச் சொன்னேன், நீர் நின்றது. விரலை எடுத்ததும் கொட்டியது. "இந்த விரல்தான் ஃபுட் வால்வு" என்றேன். பிறகு ஸ்ட்ராவின் மேற்பகுதியில் குண்டூசியால் சில துளைகள் போட்டு உறிஞ்சச் சொன்னேன். காற்றுதான் வந்தது. குழாயில் கசிவு இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது பள்ளி திறக்கும் ஒரு வாரத்துக்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுகிறோம். தேதியையும் முடிவையும் மோட்டார் அறைச் சுவரில் தொங்கும் நோட்டில் எழுதுகிறோம். மாணவிகளின் பாட்டில்கள் மதியத்துக்குள் காலியாகின்றன.