பேடும் பென்டிரைவும்: ஒரு கச்சேரிக் கணக்கு

மதுரையில் பி.இ. படிக்கும்போது இரண்டு வருஷம் ஒரு மெல்லிசைக் குழுவில் பாங்கோஸ் வாசித்தேன். சுமாராத்தான். வேலை கிடைத்ததும் விட்டுவிட்டேன். இசைக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்த அண்ணன் இன்னமும் வாசிக்கிறார். எந்தக் குழுவிலும் நிரந்தர ஆள் கிடையாது. யார் கூப்பிட்டாலும், தேதி காலியாக இருந்தால் போவார். போன பங்குனியில் லீவு போட்டு நாலு ராத்திரி அவர் கூடவே வேனில் சுற்றினேன். மண்டையில் ஓடியது ஒரே கேள்விதான்: சம்பளம் பெரிதாக ஏறாத தொழிலில், இந்த மனுஷன் ஏன் சில வருஷத்துக்கு ஒருமுறை கடன் வாங்கிப் புதுக் கீபோர்டு வாங்குகிறார்?

முதலில் காசு எப்படி வருதுன்னு பார்த்துடுவோம். ஊர்க் கமிட்டி குழு ஓனரிடம் ஒரு தொகை பேசி அட்வான்ஸ் கொடுக்கும். வேன், பாடகர்கள், ஓனர் பங்கு எல்லாம் போக, வாசிப்பவர்களுக்கு ராத்திரிக்கு இவ்வளவு என்று கணக்கு. வீட்டில் உட்கார்ந்து பாட்டுத் தயார் செய்த நாளெல்லாம் அதில் வராது. மழை பெய்தோ, ஊரில் பெரிய சாவு விழுந்தோ கச்சேரி நின்றால் வாசிப்பவருக்கு ஒன்றும் கிடையாது. அன்றைக்கு வேறு இடத்திலிருந்து வந்த டேட்டையும் முன்னாடியே வேண்டாம் என்று சொல்லியிருப்பார்.

டேட்தான் இங்கே சரக்கு. பங்குனி உத்திரத்தன்று பல பேர் கூப்பிடுவார்கள், ஓர் இடத்துக்குத்தான் போக முடியும். பங்குனி, சித்திரை, வைகாசி. ஆடியில் அம்மன் கோவில்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பூஜை, கிறிஸ்துமஸ். நடுநடுவே முகூர்த்த நாள் ரிசப்ஷன். மீதி நாளெல்லாம் சும்மா. 2020, 2021 இரண்டு வருஷமும் சீசன் நேரத்திலேயே கொரோனாக் கட்டுப்பாடு வந்தது. அப்போது என்ன செய்தீங்கண்ணே என்று கேட்டேன். "காய்கறி வித்தேன்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

நேரமும் சுருங்கிவிட்டது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு நினைத்தால் திருவிழாக்களுக்காக வருஷத்தில் 15 நாள் வரை நள்ளிரவு 12 மணி வரைக்கும் தளர்த்தலாம், அவ்வளவுதான். விடிய விடியக் கச்சேரி கேட்டு வளர்ந்தவனுக்கு இது வருத்தம்தான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளை நினைத்தால் விதி சரி என்றும் தோன்றுகிறது.

இனி கீபோர்டு விஷயம். கேட்பவர்களுக்கு ரிக்கார்டில் வந்த சத்தம் அப்படியே மேடையிலும் வரணும். 1991-இல் வந்த ஜெனரல் மிடி தரத்தில் மொத்தம் 128 வாத்தியச் சத்தங்கள். சிதார் உண்டு, ஷெனாய் உண்டு, ஸ்காட்லாந்துப் பேக்பைப் கூட உண்டு. நாதஸ்வரமும் வீணையும் இல்லை! அதனால் இருக்கிற சத்தங்களை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி, வடிவம் மாற்றி 'டோன்' செய்கிறார்கள். இடது கைக்கு வயலின் கூட்டம், வலது கைக்குப் புல்லாங்குழல், சரணம் முடிந்ததும் ஒரே பட்டனில் சந்தூர். பாடகர் "அரைக்கட்டை இறக்குங்கண்ணே" என்றால் அதற்கும் ஒரு பட்டன். அண்ணனிடம் பாட்டுப் பாட்டாகப் பிரித்த டோன்கள் ஒரு பென்டிரைவ் நிறைய இருக்கின்றன. என் தொழிலில் இதற்குக் கான்ஃபிகரேஷன் என்று பெயர் வைத்துத் தனிச் சம்பளம் கொடுப்பார்கள்.

தாளத்துக்கு 'பேட்'. ரோலண்ட் நிறுவனம் 1985-இல் விட்ட முதல் ஆக்டபேடுக்குச் சொந்தக் குரலே கிடையாது. எட்டுத் தட்டுகளில் அடித்தால் வேறொரு கருவியை ஒலிக்க வைக்கும். பிறகு வந்த மாடல்களில் சத்தமும் உள்ளேயே வந்துவிட்டது. தபேலா, டோலக், காங்கோ, டிரம்ஸ் என்று நாலு பேர் செய்ததை ஒருத்தர் செய்யலாம். பாங்கோஸ்காரன் என்ன ஆனான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு பேச்சுக்கு, வாசிப்பவர்களுக்கு மொத்தம் 100 ரூபாய் ஒதுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் இருந்தால் தலைக்கு 10. ஐந்து பேர் ஆனால் 20 வரணும் இல்லையா? வராது. பக்கத்துக் குழு ஐந்து பேரோடு 60 ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன் என்று கமிட்டியிடம் பேசும். தலைக்கு 12. கூட வந்த 2 ரூபாய் கருவியின் தவணைக்குப் போய்விடும். புதுக் கருவி வாங்காதவருக்கோ டேட்டே வராது. ஆள் குறைந்த லாபம் ஊருக்கும் ஓனருக்கும், முதலீடு மட்டும் வாசிப்பவர் தலையில். என் கேள்விக்கு விடை இதுதான்.

அடுத்த படி மைனஸ் டிராக். பாடகர் குரல் மட்டும் இல்லாமல் முழு இசையும் ஃபைலாக லேப்டாப்பில் ஓடும். மூன்றாம் ராத்திரி அப்படித்தான். மேடை வெறிச்சென்று இருக்கக் கூடாதாம், அதனால் அண்ணன் கீபோர்டு முன்னால் நிற்கணும், வாசிக்க வேண்டியதில்லை. சம்பளம் அதே. நின்றார். ஒரு டூயட்டில் புதுப் பாடகி பயந்துபோய்ச் சரணத்தின் இரண்டாவது வரிக்கு முன்கூட்டியே தாவிவிட்டாள். டிராக் யாருக்கும் நிற்காது. அது பாட்டுக்கு ஓடியது. கூட்டத்தில் விசில். பிள்ளை அழுதுவிடும் போல இருந்தது.

முதல் ராத்திரியிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது, கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. அன்று பாடகர் வரி மறந்து நின்றதும், அண்ணன் பேட்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் இடையிசையை இன்னொரு சுற்று வாசித்து, பாடகருக்கு மூச்சு விட இடம் கொடுத்து, பல்லவியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். இந்த வேலைக்குக் கமிட்டி ரசீதில் பெயரே இல்லை.

வரும் வழியில், டீக்கடையில், அண்ணன் கேட்டார்: "தம்பி, நீ கம்ப்யூட்டர்காரன்தானே. பாடுறவங்க பின்னாடி டிராக் வர்ற மாதிரிச் செய்ய முடியாதா?"

முடியும், ரொம்ப நாளாக ஆராய்ச்சி நடக்கிறது என்றேன். 1984-லேயே ரோஜர் டானன்பெர்க், பேரி வெர்கோ என்ற இருவர், வாசிப்பவரைக் கேட்டுக்கொண்டே பின்தொடரும் நிரல்களைத் தனித்தனியாகச் செய்து காட்டினார்கள். எழுதிவைத்த நோட்ஸ்படி ஒருவர் தனியாக வாசித்தால் நன்றாகவே வேலை செய்யும். கமகத்தோடு பாடும் குரல், பக்கத்திலேயே அலறும் ஸ்பீக்கர், நடுவில் வரியே மாறுவது என்று வந்தால்தான் தடுமாறும் என்று விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"சரிதான். அது வந்துச்சுன்னா, அதையும் நான்தானே வாங்கணும்?"