மீன் விடுவதை நிறுத்தியதும் மீன் பெருகியது எப்படி? மொன்டானா நதிகளின் கதை!

ஆற்றில் மீன் குறைஞ்சா என்ன செய்யலாம்? பண்ணையில் வளர்த்த மீன்களைக் கொண்டுவந்து விடலாம். சிம்பிள் கணக்கு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலமும் பல ஆண்டுகள் இதைத்தான் செய்தது. ஆனால் 1974-ல், ட்ரவுட் மீன்கள் தாமாகவே இனப்பெருக்கம் செய்யும் நதிகளில் பண்ணை மீன் விடுவதை அந்த மாநிலம் நிறுத்திவிட்டது. இன்று உலகம் முழுக்க இருந்து 'ஃப்ளை ஃபிஷிங்' பிரியர்கள் தேடிப் போகும் இடம் அது. என்னதான் நடந்தது?

ஃப்ளை ஃபிஷிங் என்றால் என்ன?

நம்ம ஊர் தூண்டிலில் மண்புழு, தக்கை, ஈயக்குண்டு இருக்கும். தூண்டிலை வீசும்போது அந்த ஈயத்தின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் ஈயத்துக்கு வேலை குறைவு. சின்ன முள்ளில் இறகு, முடி, நூல் எல்லாம் சுற்றி, பூச்சி மாதிரியே செய்த போலி இரைதான் 'ஃப்ளை'. அதற்கு எடையே இருக்காது. அதனால் நரம்பையே கனமாகச் செய்திருப்பார்கள். சாட்டை சுழற்றுவது போல முன்னும் பின்னும் வீசினால், நரம்பின் எடை அந்தப் பூச்சியைக் கொண்டுபோய்த் தண்ணீரில் மெதுவாக இறக்கும்.

ஏன் பூச்சி?

ட்ரவுட்டின் முக்கிய உணவே அதுதான். மழை விட்டதும் ஈசல் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா? அதே போல ஆற்றுக்கு அடியில் வளரும் 'மேஃப்ளை' பூச்சிகளும் ஒரே நேரத்தில் கூட்டமாகச் சிறகு முளைத்து மேலே வரும். மீன்களுக்கு அது விருந்து நேரம். அந்த நேரத்தில் எந்தப் பூச்சி வருகிறதோ, அதே அளவில், அதே நிறத்தில் ஃப்ளை இருந்தால்தான் மீன் ஏமாறும்.

ஊற்று ஓடைகளில் இது இன்னும் கஷ்டம். நிலத்தடி ஊற்றிலிருந்து வருவதால் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். வெப்பநிலையும் ஆண்டு முழுக்கப் பெரிதாக மாறாது. பூச்சியும் மீனும் செழிப்பாக வளரும். ஆனால் வரும் ஆளை மீன் முதலில் பார்த்துவிடும்!

அந்த ஆய்வில் தெரிந்தது என்ன?

மொன்டானாவில் ஓடும் மேடிசன் நதியிலும், என்னிஸ் ஊருக்குப் பக்கத்தில் அதோடு சேரும் ஓடெல் க்ரீக் என்ற ஊற்று ஓடையிலும் 1960-களின் இறுதியில் ஓர் ஆய்வு தொடங்கியது. நடத்தியவர் மாநில மீன்வளத் துறையின் உயிரியலாளர் டிக் வின்சென்ட். வழக்கமாகப் பண்ணை மீன் விடப்பட்ட நதிப்பகுதியில் அதை நிறுத்திப் பார்த்தார்கள். விடப்படாத ஓடெல் க்ரீக்கில் விட்டுப் பார்த்தார்கள். நிறுத்திய இடத்தில் ஆற்றிலேயே பிறந்த ட்ரவுட்கள் பெருகின. விட்ட இடத்தில் குறைந்தன.

காரணம் என்ன?

ஓடும் தண்ணீரில் எல்லா இடமும் ஒன்றல்ல. கல்லுக்குப் பின்னால், வேகம் குறைந்த இடத்தில் நின்றால் அதிக சக்தி செலவழிக்காமல் இரை பிடிக்கலாம். அந்த இடங்களைப் பெரிய மீன், சின்ன மீன் என்று ஒரு வரிசைப்படி பிரித்துக்கொண்டு ட்ரவுட்கள் வாழும். தொட்டியில் நெருக்கியடித்து, போட்ட தீவனத்தைத் தின்று வளர்ந்த பண்ணை மீனுக்கு இந்த ஒழுங்கு தெரியாது. கூட்டமாக உள்ளே வந்ததும் எல்லா இடத்திலும் தள்ளுமுள்ளு. இடத்துக்கான சண்டையிலேயே ஆற்று மீன்கள் சக்தியை இழக்கும். அதே நேரம், வந்த பண்ணை மீன்களில் பலவும் நீண்ட நாள் பிழைக்காது.

தடையை எல்லோரும் ஏற்றார்களா?

இல்லை. மீன் விடாவிட்டால் சுற்றுலாவே படுத்துவிடும் என்று மீன்பிடிப்பவர்களும் வியாபாரிகளும் எதிர்த்தார்கள். மாநிலம் பின்வாங்கவில்லை. அதே சமயம் ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் மீன் விடுவது இன்றும் தொடர்கிறது. ட்ரவுட் முட்டையிட ஓடும் நீரும் கூழாங்கல் படுகையும் வேண்டும். அது கிடைக்காத ஏரிகளில் கணக்கே வேறு.

இதில் ஒரு முரணும் உண்டு. மேடிசனில் இன்று அதிகம் இருக்கும் ரெயின்போ, பிரவுன் ட்ரவுட்கள் அந்த ஆற்றின் பூர்வீக மீன்களே அல்ல. ரெயின்போ பசிபிக் கரையோர நதிகளிலிருந்தும், பிரவுன் ஐரோப்பாவிலிருந்தும் வந்தவை. பூர்வீகக் 'கட்த்ரோட்' ட்ரவுட் பல இடங்களில் இவற்றால் ஒதுங்கிவிட்டது. நம் நீலகிரியின் அவலாஞ்சி பக்கம் இருக்கும் ட்ரவுட்டும் பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்து விட்டதுதான்.

இப்போது என்ன பிரச்சினை?

1994-ல் மேடிசனில் 'வர்லிங்' நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மீன் குஞ்சின் குருத்தெலும்பைத் தாக்கி, அதைச் சுற்றிச் சுற்றி நீந்த வைக்கும் ஒட்டுண்ணி நோய் இது. நதியின் சில பகுதிகளில் ரெயின்போ எண்ணிக்கை சுமார் 90% வரை சரிந்தது. அப்போதும் பண்ணை மீனைக் கொண்டுவந்து கொட்டவில்லை. ரெயின்போக்கள் பிறகு ஓரளவு மீண்டன.

அடுத்த சோதனை வெப்பம். ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் வேண்டும். நீர் சூடானால், பிடித்துவிட்டுத் திரும்ப விடும் மீன்கூட இறந்துபோகலாம். அதனால் நீரின் வெப்பநிலை தொடர்ந்து 3 நாள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் (சுமார் 23 டிகிரி செல்சியஸ்) தொட்டால், மதியம் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை போடுகிறார்கள். 2023-ல் பிக் ஹோல், பீவர்ஹெட், ரூபி நதிகளில் பிரவுன் ட்ரவுட் எண்ணிக்கை சில இடங்களில் வரலாறு காணாத அளவுக்குக் குறைந்தது பெரும் கவலையைக் கிளப்பியது.

மீனை லாரியில் கொண்டுவந்து விடலாம். குளிர்ந்த தண்ணீரை அப்படிக் கொண்டுவர முடியாது. மொன்டானாவின் அடுத்த 50 ஆண்டுகளுக்கான கேள்வி அதுதான்.