இறக்கத்தில் பவர் டில்லர்

திருப்பதி மாவட்டத்தில் சத்தியவேடு, வரதையபாளையம், தடா ஆகிய ஊர்களை ஒட்டி ஸ்ரீ சிட்டி தொழில் நகரம் இருக்கிறது. இது 2008-ஆம் ஆண்டு தொடங்கியது. தொழிற்சாலைகள் வந்த பிறகும் சுற்றுப்புறத்தில் நெல்லும் வேர்க்கடலையும் விளைகின்றன.

சிறிய வயலை உழ பவர் டில்லர் வசதியானது. அதற்கு இரண்டு சக்கரங்கள். பின்னால் நடந்தபடி ஓட்டலாம். ஆனால் பெரிய டில்லர் சுமார் 400 கிலோ எடை இருக்கும். கவனம் தப்பினால் ஆளையே சாய்த்துவிடும்.

லீவர் செய்யும் வேலை

கைப்பிடியின் இரண்டு பக்கமும் திருப்புவதற்கு லீவர் உண்டு. இடது லீவரைப் பிடித்தால் இடது சக்கரத்துக்கு இன்ஜின் விசை போகாது. வலது சக்கரம் மட்டும் ஓடும். டில்லர் இடது பக்கம் திரும்பும். இது சமமான தரையில்.

ஏரிக்கரையில் இருந்து ஒருவர் டில்லரை இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடது பக்கம் திருப்ப நினைத்து இடது லீவரைப் பிடிக்கிறார். டில்லரோ வலது பக்கம் பாய்கிறது! ஏன்?

இறக்கத்தில் இன்ஜின் சக்கரங்களை ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது. இடது லீவரைப் பிடித்ததும் இடது சக்கரத்துக்கு அந்தப் பிடி விட்டுப்போகிறது. அது வேகமாக உருள்கிறது. அதனால் டில்லர் வலது பக்கம் திரும்புகிறது.

ஆகவே இறக்கத்தில் இந்த லீவர்களைத் தொடக் கூடாது. முதல் கியரில் மெதுவாக இறக்க வேண்டும். கைப்பிடியைத் தள்ளித்தான் திருப்ப வேண்டும். நியூட்ரலில் விடவே கூடாது.

கருவி மாற்றும்போது

முதலில் இன்ஜினை நிறுத்த வேண்டும். ரோட்டவேட்டர் கத்தியில் புல் சுற்றினாலும், இன்ஜினை நிறுத்திய பிறகே எடுக்க வேண்டும். பின்னால் நகர்த்தும்போது கத்தி சுழலக் கூடாது. முதுகுக்குப் பின்னால் மரமோ சுவரோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் நசுங்கிவிடுவார்.

சேற்று வயலுக்கு இரும்புச் சக்கரம். ரோட்டுக்கு ரப்பர் சக்கரம். டிரெய்லர் மாட்டினால் பின்னைப் போட்டு, அது கழன்று விழாதபடி பூட்டுக் கம்பியும் போட வேண்டும்.

ரோட்டில் போகும்போது

தடா வழியாகச் சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலை போகிறது. லாரிகள் வேகமாக வரும். டில்லர் மெதுவாகத்தான் போகும். எனவே டிரெய்லரின் பின்னால் ஒளி பட்டால் மின்னும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இருட்டிய பிறகு ரோட்டில் ஓட்டாமல் இருப்பது நல்லது. டிரெய்லரில் ஆட்களை ஏற்றக் கூடாது.

வண்டியில் ஏற்றும்போது

வண்டிக்குப் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். ஏற்றும் பலகை, வண்டித் தளத்தின் உயரத்தைப் போல் நான்கு மடங்கு நீளம் இருக்க வேண்டும். தளம் 2 அடி உயரம் என்றால் பலகை 8 அடி. பலகையின் மேலும் திருப்பும் லீவரைத் தொடக் கூடாது. ஏற்றிய பிறகு கயிறு போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும்.

பவர் டில்லரை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர்கள் பலர். சாவியை வாங்கும்போதே இறக்கத்து லீவரைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும்.