ஸ்பெகுலாஸ் மசாலா
நெதர்லாந்தில் டிசம்பர் 5 மாலை புனித நிக்கோலஸ் விழா. அதையொட்டிச் சுடும் பிஸ்கட்டுக்கு ஸ்பெகுலாஸ் என்று பெயர். மாவை மர அச்சில் அழுத்தி, உருவம் பதித்துச் சுடுவார்கள். அதற்கு உயிர் கொடுப்பது மசாலாப் பொடிதான். பட்டை, கிராம்பு, சாதிக்காய், சுக்கு, ஏலக்காய், வெள்ளை மிளகு, அவ்வளவே! இதில் பட்டை அவர்களுக்குக் கிடைத்த வழி இது: இலங்கைக் கரையோரம் 1796 வரை டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அங்கிருந்து கறுவாப் பட்டையைக் கப்பல் கப்பலாக ஏற்றிப் போனார்கள்.

இந்தப் பொடியை வீட்டிலேயே அரைக்கலாம். பட்டைப் பொடி நான்கு டீஸ்பூன் என்றால், கிராம்பும் சாதிக்காயும் தலா ஒரு டீஸ்பூன். மற்ற மூன்றும் அரை அரை. கிராம்பு கூடினால் நாக்கு மரத்துவிடும், அதில் மட்டும் கறாராக இருங்கள்.

பட்டை வாங்கும்போது, காகிதச் சுருள் போல மெல்லிய அடுக்குகளாக இருக்கிறதா என்று பாருங்கள். கையாலேயே நொறுங்கும் அதுதான் இலங்கைப் பட்டை. தடித்த ஒற்றைச் சுருளாக இருப்பது வேறு மரத்துப் பட்டை, காரம் அதிகம், மிக்ஸிக்கும் சிரமம்.

எதையும் வறுக்க வேண்டாம், ஓவன் சூடே போதும். அரைத்ததும் ஜாரைத் திறந்துவிடாதீர்கள். பொடி அடங்கிய பிறகு சலித்து, காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு, அடுப்புப் பக்கம் வைக்காமல் தள்ளி வையுங்கள்.

200 கிராம் மைதாவுக்கு இரண்டு டீஸ்பூன் பொடி. பிசைந்த மாவை ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சுடுங்கள், மணம் நன்றாக இறங்கியிருக்கும். வாழைப்பழக் கேக்குக்கு ஒரு டீஸ்பூன் போதும்.