ஒரே சரிவு, ஒரே ஒயின்: ஏன்?

லண்டன் ஒயின் கடைகளில் சில இத்தாலியச் சிவப்பு ஒயின் பாட்டில்களில் ஊர்ப் பெயரோடு ஒரு தோட்டத்தின் பெயரும் இருக்கும்; அந்த ஒரே தோட்டத்துப் பழத்தில் செய்தது என்று பொருள். பல தோட்டத்துப் பழங்களைக் கலந்தால் சுவை சமமாகிவிடும். கலக்காவிட்டால் அந்த மண்ணின் குணம் அப்படியே நிற்கும்.

இத்தாலியின் பார்பரெஸ்கோ ஊரில் 1859-இல் ஒயின் தயாரிப்பைத் தொடங்கிய காயா குடும்பம், 1967-இல் 'சோரி சான் லொரென்சோ' என்ற ஒரே தோட்டத்து ஒயினைத் தயாரித்தது. 'சோரி' என்றால் அந்த வட்டார மொழியில் தெற்கு பார்த்த சரிவு. அந்தத் தோட்டத்தைத் தனியாக எடுத்ததன் காரணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அங்கே விளையும் நெபியோலோ திராட்சை முன்னதாகத் துளிர்த்து, அக்டோபரில்தான் பழுக்கும். நம்மூரில் உச்சிக்கு வரும் சூரியன், 45 பாகை வடக்கே அந்த மாதம் நண்பகலிலும் தாழ்ந்தே நிற்கும். சமதரையில் வெயில் சாய்ந்து பரவிவிடும். தெற்குச் சரிவோ சூரியனுக்கு முகம் கொடுப்பதால் ஒவ்வோர் அடியும் கூடுதல் வெப்பம் பெறும். இரவுக் குளிர்காற்றும் பள்ளத்துக்கு இறங்கிவிடும்.

நெபியோலோவின் தோலிலும் விதையிலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுதி. அது உமிழ்நீரின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறளும். கடுக்காயின் துவர்ப்பு செய்வதும் இதே வேலைதான். நன்றாகப் பழுத்தால்தான் அந்தத் துவர்ப்பு மென்மையாகும்.

லண்டன் என்ஃபீல்டிலும் ஃபார்ட்டி ஹால் திராட்சைத் தோட்டம் உண்டு. ஆனால் 51 பாகைக்கும் வடக்கே, நெபியோலோவுக்கு வெயில் போதாது.