பலகைக்குள் எவ்வளவு தண்ணீர்?

மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி கொங்கு உழவர்களிடம் கொண்டுசேர்த்த மரங்களில் மலைவேம்பு முக்கியமானது. மளமளவென்று வளரும் இந்த மரத்தை வெட்டியதும் உடம்பெல்லாம் ஈரம். பலகையாக அறுத்தாலும் சரி, பிளைவுட்டுக்காக ஏடாக உரித்தாலும் சரி, உலர்த்தாமல் ஒரு வேலையும் ஆகாது.

சூளையில் அடுக்கிய பலகை காய்ந்துவிட்டதா என்பதைத் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. மேல்பக்கம் காய்ந்திருக்கும், நடுவில் ஈரம் நிற்கும். நம்பத் தகுந்தது தராசுதான். பலகையில் ஓர் அங்குலத் துண்டு வெட்டி எடை போடுகிறார்கள். 120 கிராம் என்று வையுங்கள். 103 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், இனி எடை குறையாது என்னும் வரை வைத்தால் 75 கிராம். போன தண்ணீர் 45 கிராம். அதைக் காய்ந்த எடையால் வகுத்தால் ஈரப்பதம் 60 சதவீதம். காய்ந்த எடையே அடிப்படை என்பதால் சில பச்சை மரங்களில் இந்தக் கணக்கு 100-ஐயும் தாண்டும். அதாவது, அங்கே மரத்தைவிடத் தண்ணீர் அதிகம்!

அதே கணக்கில், மீதிப் பலகை 4.8 கிலோ என்றால் அதிலுள்ள மரம் 3 கிலோ. முனை வழியாக ஈரம் ஓடாதபடி இரு முனைகளிலும் பெயின்ட் பூசி, அதை மறுபடி அடுக்கில் செருகுகிறார்கள். அவ்வப்போது எடுத்து எடை பார்த்தால் போதும். 3.36 கிலோவுக்கு இறங்கிய அன்று ஈரம் 12 சதவீதம்.

எனக்கு வியப்பு தருவது இடையில் நடப்பதுதான். முதலில் செல்களின் உட்குழிவில் நிற்கும் தண்ணீர் போகிறது, மரம் சுருங்குவதில்லை. ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு வந்தபின் செல்சுவரில் பிடித்திருக்கும் நீர் கழல்கிறது, சுருக்கமும் தொடங்குகிறது. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருக்கம், குறுக்குத் திசையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. நீளவாக்கில் அநேகமாக இல்லை. பலகை குழிந்து வளைவது இதனால்தான்.

மின்தடையை வைத்து ஈரம் சொல்லும், இரண்டு ஊசி வைத்த மீட்டரும் இந்த 30 சதவீத எல்லைக்குக் கீழேதான் சரியாகப் பேசும். 30-இலிருந்து 7 சதவீதத்துக்கு இறங்கும்போது மரத்தின் மின்தடை லட்சம் மடங்கு அளவுக்கு ஏறுகிறது. சூடான மரத்தில் மின்சாரம் எளிதாகப் பாயும். எனவே சூளையிலிருந்து எடுத்த கையோடு அளந்தால் உள்ளதைவிட அதிக ஈரம் காட்டும். வெப்பத்துக்கும் மர வகைக்கும் திருத்தம் போட்டாக வேண்டும்.

எந்த ஊருக்கு எவ்வளவு ஈரம் தகும் என்று, காற்றின் ஈரத்தை வைத்து நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து இந்தியத் தரநிலை 287 சொல்கிறது. கதவுக்கு மரம் வாங்கும்போது மேல்பக்கத்தில் ஊசியை வைத்துக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். புதிதாக அறுத்த முகத்தின் நடுவில் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.